கொழும்பு பார்த்து நின்ற ஆன்டெனா

அக்கா இறந்த மறுநாள் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் வைத்துவிட்டார்கள். 'சர்வதேச ஓட்ட வீராங்கனை' என்று கொட்டை எழுத்து. அக்காவின் படம் ஒரு மூலையில் இருந்தது. அதைவிடப் பெரிதாக அவளுடைய தாய்மாமாவின் படம். ஓட்டக்காரர்கள் சங்கத்தின் கௌரவத் தலைவர் அவர்தானே, அழுவதிலும் அவருக்குத்தான் முதலிடம். கீழே வரிசையாகப் பெயர்கள். அந்தப் பெயர்களில் பாதிப்பேர் அவள் உயிரோடு இருந்தவரை 'பாதி ஓட்டம் வருகா பாரு' என்று முதுகுக்குப் பின்னால் சிரித்தவர்கள். அங்கே நின்று கத்தினால் பைத்தியம் என்பார்கள். அதனால் இங்கே எழுதுகிறேன்.

வடசேரியில் எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம் காட்சி என்று கேமராவைத் தூக்கிக்கொண்டு ஓடியதெல்லாம் குறைந்துவிட்டது. பழைய வீடியோ கேசட்டுகளைப் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பதுதான் இப்போது முக்கால்வாசி வேலை. அக்காவுக்குத் தோவாளையில் வீடு. அவள் வீட்டுக்காரர் பூச்சந்தையில் கமிஷன் கடை வைத்திருந்தவர். நாங்களும் ஒரு காலத்தில் அதே தெருவில் குடியிருந்தோம். ரத்த சொந்தம் கிடையாது, பழக்கத்தில் அக்கா.

அவளுக்கு ஒரு குணம் உண்டு. எதையும் பாதியில் விட மாட்டாள், மற்றவர்களையும் விட விடமாட்டாள். கேட்பதற்கு நல்ல குணம் மாதிரி இருக்கும். கூட இருந்து அனுபவித்தவனுக்குத்தான் தெரியும். அவள் வீட்டில் டீ குடித்தால் டம்ளரை எட்டிப் பார்ப்பாள். "அடியில கிடக்கது யாருக்கு?" என்பாள். சினிமாவுக்குப் போனால் பெயர்களெல்லாம் ஓடி முடிந்து, விளக்கு போட்டு, கூட்டிப் பெருக்க ஆள் வந்த பிறகுதான் எழுந்திருப்பாள். வீட்டுக்காரர் வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருப்பார். கல்யாண வீடுகளில் கடைசிப் பந்தியில் கடைசி இலை எடுக்கும்வரை இருக்கும் ஒரே விருந்தாளி அவள்தான். சமையல்காரர்கள் அவளைப் பார்த்தாலே பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, 'இன்னும் போகலியா' என்று முழிப்பார்கள்.

பேசிக்கொண்டிருக்கும்போது நமக்குப் போன் வந்து எழுந்தால் கையைப் பிடித்துக்கொள்வாள்.

"சொல்லி முடிச்சுட்டுப் போ மக்கா. பாதி வார்த்தைய எனக்கிட்ட போட்டுட்டுப் போகாத."

சண்டையும் அப்படித்தான். ஒரு தடவை சந்தையில் பிச்சிப்பூ விற்கிற பெண்ணோடு வாய்த்தகராறு. நன்றாகச் சூடு பிடித்த நேரத்தில் மழை கொட்டி ஆளுக்கொரு பக்கம் ஓடிவிட்டார்கள். மறுநாள் காலையில் அக்கா அந்தப் பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்றாள். "நேத்து நீ கடைசியா ஒண்ணு சொன்ன. அதுக்கு நான் பதில் சொல்லல்ல" என்று ஆரம்பித்து, சொல்ல வேண்டியதைச் சொல்லி, அவள் கொடுத்த காப்பியையும் குடித்துவிட்டுத் திரும்பினாள். இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் சிரித்திருக்கிறோம்.

சிரிக்க முடியாத ஒன்றும் உண்டு. அக்காவின் மகளைத் திருவனந்தபுரத்துப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை கை நீட்டுகிறவன். ஒரு ஐப்பசி மழையில் அந்தப் பிள்ளை ஒரு பையோடு தோவாளைக்கு வந்து இறங்கியது. கன்னத்தில் வீக்கம் தெருவுக்கே தெரிந்தது. அக்கா மகளுக்குத் தலை துவட்டிவிட்டாள், சோறு போட்டாள், தைலம் தேய்த்தாள். பிறகு அதே பையை எடுத்துக் கையில் கொடுத்து, "பாதியில வரப்பிடாது. போ" என்று பஸ் ஏற்றிவிட்டாள். வீட்டுக்காரர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கேட்கவில்லை. பெண் பிறகு தானாகவே அவனை விட்டு வெளியே வந்து, ஒரு வேலை தேடிக்கொண்டு, தாயோடு பேச்சை நிறுத்திவிட்டது. சாவுக்கு வந்தது. சடங்கு முடியும்வரை நிற்கவில்லை. நானாக இருந்தாலும் நின்றிருக்க மாட்டேன். அக்காவை எனக்குப் பிடிக்கும், ஆனால் அந்த ஒரு காரியத்துக்காக அவளை மன்னிக்க எனக்கு மனம் வந்ததே இல்லை.

இந்தக் குணம் பிறவியில் வந்ததில்லை என்று அவளுடைய அம்மா சொல்வார். கொழும்புக்குப் போய்வந்த பிறகுதான் வந்ததாம்.

அக்கா ஓட்டக்காரி. வயல் வரப்பில் ஓட ஆரம்பித்து, பள்ளிக்கூடம், மாவட்டம், மாநிலம் என்று ஏறி, இந்தியாவுக்காக ஒரே ஒருமுறை ஓடியவள். பக்கத்து நாடுகள் கூடிக் கொழும்பில் நடத்திய போட்டி, பத்தாயிரம் மீட்டர். மைதானத்தை இருபத்தைந்து முறை சுற்ற வேண்டும். அணியோடு மானேஜராகப் போனவர் அவளுடைய தாய்மாமா, எப்போதும் கக்கத்தில் ஒரு தோல் பையோடு திரிபவர். அவளுக்கு முதல் கேன்வாஸ் ஷூ வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், வீட்டில் எல்லோரும் எதிர்த்தபோது 'பிள்ளை ஓடட்டும்' என்று நின்றதும் அவர்தான். அதை மறைக்கக் கூடாது.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்து வீடுகளில் ஆன்டெனாவை உயரமான கம்பத்தில் கட்டி, மொட்டை மாடியில் ஒருவர் நின்று திருப்புவார், கீழே ஒருவர் 'வருது, வருது, போச்சு' என்று கத்துவார். கடலுக்கு அந்தப் பக்கம் கொழும்பைப் பார்த்துத் திருப்பினால் அவர்களுடைய ஒளிபரப்பு கிடைக்கும். கிரிக்கெட், டென்னிஸ், ஓட்டம் எல்லாம் அதில்தான் பார்த்தோம். இங்கே காட்டாத போட்டியெல்லாம் அங்கே காட்டுவார்கள். சிங்களம் ஒருவருக்கும் தெரியாது, அதைப் பற்றி ஒருவருக்கும் கவலையும் கிடையாது. அக்கா ஓடிய அன்று தோவாளையிலிருந்து கன்னியாகுமரிவரை டிவி இருந்த வீட்டிலெல்லாம் ஆன்டெனா கொழும்பைப் பார்த்து நின்றது.

அவளுடைய அப்பா வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, புதுக் கேசட் போட்டுப் பதிவு செய்தார். தெருவே வீட்டுக்குள் இருந்தது. பாதி தூரத்துக்கு மேல் அக்கா பின்தங்க ஆரம்பித்தாள். முதலில் ஓடியவள் அவளை ஒரு சுற்று முந்தினாள். வீட்டுக்குள் சத்தம் அடங்கியது. ஜெயித்தவள் கோட்டைத் தொட்டதும் அப்பா எழுந்து கேசட்டை உருவினார், டிவியை அணைத்தார். "போதும், எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றார். பிறகு அந்தக் கேசட்டில் யாரோ ஒரு சினிமாவை ஏற்றினார்கள். அன்று மற்ற வீடுகளில் டிவி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அக்காவை ஒரு ஆள் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போவதை ஊர் பார்த்தது. முடியாமல் நின்றுவிட்டாள் என்று முடிவு கட்டியது. மறுநாள் பேப்பரில் வந்த முடிவுப் பட்டியலிலும் அப்படியே, பந்தயத்தை முடிக்கவில்லை.

அவள் சொன்னது வேறு.

"வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு ஆபீசரு மறிச்சான். எனக்கு இன்னும் ஒரு சுத்து கிடக்குன்னு சொன்னேன். அவனுக்கு பாஷை தெரியல்ல. பிடிச்சு இழுத்து புல்லுல உக்கார வச்சுட்டான்."

யாரும் நம்பவில்லை. ஓடுகிற பிள்ளையை எந்த ஊர் ஆபீசர் பிடித்து நிறுத்துவான் என்று கேட்டார்கள். கூடப் போன மாமாவைக் கேட்டார்கள். அவர் தலையைத் தடவிக்கொண்டு, "பிள்ளைக்கு முடியல்ல. விடுங்க, சின்னப் பிள்ளை" என்றார். எவ்வளவு இரக்கமான பதில்! அதோடு அவள் கதை முடிந்தது. அடுத்த வருஷம் கல்யாணம், பிறகு பூக்கடை. பாதி ஓட்டம் என்ற பெயர் மட்டும் கல்யாணத்துக்குப் பிறகும் கூடவே வந்தது.

மாமாமேல் அவளுக்குத் துளி வருத்தம் கிடையாது. "மாமா அந்தப் பக்கம் நின்னிருக்க மாட்டாவ. எனக்காண்டி தண்ணி எடுக்கப் போயிருப்பாவ, பாவம்" என்பாள். அவருக்கு இடுப்பு ஒடிந்து படுத்தபோது தினமும் தோவாளையிலிருந்து பஸ் ஏறி வந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

வீட்டுக்காரர் காலமான பிறகு அக்கா கேசட் தேட ஆரம்பித்தாள். கொழும்பில் தெரிந்த ஒருவர் மூலம் விசாரித்தாள், அங்கே அந்த நாள் டேப் கிடைக்கவில்லை. அந்தக் காலத்தில் டேப் அருமையான பொருள், ஒன்றை அழித்து இன்னொன்றைப் பதிவது எங்கும் நடந்ததுதான். ஆனால் நம்மூரில் எவனாவது பதிந்திருப்பானே என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. துபாய், மஸ்கட் என்று ஆள் போன வீட்டிலெல்லாம் டெக் இருந்த காலம் அது. ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனாள். "பழைய கேசட் கிடக்கா? பாத்துட்டுத் திருப்பித் தருவேன்" என்று வாசலில் நின்றாள். சிலர் பழைய பேப்பர்காரி என்று நினைத்தார்கள். சிலர் சும்மா கொடுத்தார்கள், தொல்லை ஒழிந்தது என்று.

எல்லாம் என் கடைக்கு வந்தது. எங்கள் பக்கத்து மழைக்கும் உப்புக்காற்றுக்கும் கேசட்டில் வெள்ளை வெள்ளையாகப் பூசணம் பிடிக்கும். இங்கேயுள்ளவர்கள் அதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். வீட்டிலேயே ஈரம் இல்லாத இடம் நெல் போட்டு வைக்கிற பத்தாயம்தான் என்று கேசட்டை அதற்குள் புதைத்து வைப்பார்கள். ஈரம் ஏறாது, சரிதான். ஆனால் தவிட்டுத் தூசி உள்ளே போய்விடும். அப்படியே ஓட்டினால் டேப்பை வரிவரியாகக் கீறிவிடும். ஒவ்வொன்றையும் ஸ்குரூ கழற்றித் திறந்து, தூசி தட்டி, டேப்பைக் கையால் சுற்றி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கற்றுக்கொண்டாள். நான் அவசரத்தில் கடைசிப் பத்தடியைத் துடைக்காமல் விட்டால் பிடுங்கித் தானே துடைப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

அதைவிட எரிச்சல், எந்தக் கேசட்டையும் முன்னோட்டிப் பார்க்க விடமாட்டாள். யாரோ வீட்டுக் காதுகுத்து, யாரோ வீட்டுப் பால்காய்ப்பு, எல்லாவற்றையும் முழுசாகப் பார்ப்பாள். வாடிக்கையாளர்கள் காத்திருப்பார்கள். "அக்கா, இது கல்யாணம்னு மேல எழுதிருக்கு. விடுங்க" என்றால், "முடியட்டும்லே. முடிஞ்ச பொறவு என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்பாள். இரண்டு வருஷம் இப்படி என் உயிரை எடுத்தாள்.

கன்னியாகுமரியில் சங்கு, பாசிமணி விற்கிற கடைக்காரர் ஒருவர் கொடுத்த கேசட் அது. அவர் அண்ணன் மகள் கல்யாணம். தாலி கட்டினார்கள், பந்தி நடந்தது, மாமியார் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார், மறுவீட்டுக்குக் கார் கிளம்பியது. படம் முடிந்து புள்ளி புள்ளியாக இரைய ஆரம்பித்தது. வேறு யாராக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பான். நான் பட்டனில் கை வைத்துவிட்டேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டாள்.

இரைச்சல் விலகி ஒரு மைதானம் வந்தது.

கொழும்பு ஓட்டத்தைப் பதிந்த கேசட்டின்மேல் பிற்பாடு கல்யாணத்தைப் பதிந்திருக்கிறார்கள். கல்யாணம் முடிந்த இடத்துக்கு அப்பால் பழையது அழியாமல் கிடந்தது. படம் பாதி மங்கல், நடுவே ஒரு கோடு நடுங்கிக்கொண்டிருந்தது. ஜெயித்தவள் ஓரமாக நின்று மூச்சு வாங்குகிறாள். சிங்களத்தில் ஒருவர் கத்துகிறார். கூட்டம் எழுந்து நிற்கிறது. அவர்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கடைசிக்கு முந்தியவளாக வந்துகொண்டிருக்கிறாள். அவளுக்காகத்தான் அத்தனை சத்தம், கேமராவும் அவளுக்காகத்தான் கோட்டருகே காத்திருக்கிறது. அவள் கோட்டைத் தாண்டியதும் அவளுடைய கடைசிச் சுற்றுக்கான மணி அடிக்கிறது.

எல்லைக்கோட்டின் அருகே வெள்ளைக் கோட் போட்ட அந்த ஆபீசர் நிற்கிறார். புல்தரையைக் குறுக்கே கடந்து ஒரு குள்ளமான ஆள் அவரிடம் ஓடி வருகிறார். கக்கத்தில் ஒரு தோல் பை இடுக்கியிருக்கிறார். அந்தப் பையையும் அந்த நடையையும் நாகர்கோவில் முழுக்க அறியும். வந்தவர் ஏதோ சொல்கிறார். ஆபீசர் தலையை ஆட்டி மறுத்து, சுற்று எண் போட்ட பலகையைக் காட்டுகிறார். இவர் விடவில்லை. இரண்டு கையையும் கூப்புகிறார், ஓடிவரும் பெண்ணைக் காட்டுகிறார், மறுபடியும் கூப்புகிறார். ஆபீசர் தயங்கி, தடத்தில் இறங்கிக் கையை விரிக்கிறார். ஒல்லியாக ஒரு பெண் அவரைச் சுற்றிக்கொண்டு போகப் பார்க்கிறாள். பிடிக்கிறார். அவள் ஒரு விரலை உயர்த்திக் காட்டுகிறாள். ஒன்று, இன்னும் ஒன்று. பையை இடுக்கிய ஆள் அதற்குள் முதுகைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். கேமரா அவர்கள் ஊர்ப் பெண்ணைத் தேடி நகர்ந்தது. டேப் முடிந்தது.

நான் அக்காவின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கப் பயமாக இருந்தது.

"ஒருக்கா கூட ஓட்டு" என்றாள்.

ஓட்டினேன்.

"நல்லாத்தான் ஓடியிருக்கேன், பாத்தியா?" என்றாள். "நொண்டல, ஒண்ணும் இல்ல. நேராத்தான் வாறேன்." தான் ஓடுவதை அவள் முதல்முதலாகப் பார்க்கிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு மெதுவாக, "அது மாமால்லா" என்றாள்.

அந்தக் காட்சி இப்போது என்னிடம் மூன்று ஹார்டு டிஸ்கில் இருக்கிறது. ஓட்டக்காரர்கள் சங்கத்துக்கு அனுப்பினோம். படம் தெளிவில்லை என்றார்கள். தெளிவாக இருந்தால் மட்டும் என்ன செய்திருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். இரண்டு பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்த்தேன். ஒருவர் கட்டைவிரல் போட்டார். ஒருவர், கல்யாண வீடியோவில் இருக்கிற அந்த மாமியார் யார், தெரிந்த முகமாக இருக்கிறதே என்று கேட்டார். பட்டியலில் இன்றைக்கும் அக்கா முடிக்காதவள்தான்.

மாமாவிடம் காட்டியதையும் சொல்லிவிடுகிறேன். அவர் வீடு என் கடையிலிருந்து நடக்கும் தூரம். லேப்டாப்பை நான் தூக்கிக்கொண்டு போனேன். மாமா சாய்வு நாற்காலியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வா மக்கா, இரி" என்றார். அக்கா இருக்கவில்லை. என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். நான் படத்தை ஓட்டினேன்.

தோல் பை வந்த இடத்தில் மாமா நிமிர்ந்தார். "நாந்தான்" என்றார். குரலில் ஒரு சங்கடமும் இல்லை. பழைய போட்டோவில் தன்னைக் கண்டுபிடித்தவர் மாதிரி இருந்தது. "எங்க கிடைச்சு இது?"

"எதுக்கு மாமா நிப்பாட்டச் சொன்னீங்க?"

"பின்ன? அந்த ஊரு முழுக்க எழும்பி நின்னு அவனுவ பிள்ளைக்குக் கை தட்டுது. அதுக்குப் பின்னால கடைசி ஆளா நம்ம பிள்ளை வரணுமா? இங்க ஒவ்வொரு வீட்டுலயும் ஆன்டெனாவத் திருப்பி வச்சுப் பாத்துட்டு இருக்கானுவன்னு எனக்குத் தெரியும்லா. உங்க அப்பா தெருவையே கூட்டி வச்சிருந்தாரு."

"முடியல்லன்னு சொன்னீங்களே."

"முடியாம நின்னாள்னா ஊர்க்காரன் பாவம்னு சொல்லுவான். முடிஞ்சும் கடைசியா வந்தாள்னா சிரிப்பான்."

நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். முடியவில்லை. "சிரிக்கத்தானே செஞ்சாங்க மாமா, இவ்வளவு காலமும்" என்றேன். அவர் என்னைப் பொருட்படுத்தவில்லை.

அக்கா அவர் பக்கத்தில் குனிந்தாள். "நான் ஓடி முடிச்சிருப்பேன் மாமா."

"அது எனக்குத் தெரியாதா?" என்றார் மாமா. பிரியத்தோடுதான் சொன்னார், அதுதான் கொடுமை. "உன்னை எனக்குத் தெரியாதா மக்கா? நீயா நிக்க மாட்டேன்னு தெரிஞ்சுதானே அந்தாளுக்க காலப் பிடிக்காத குறையா கெஞ்சினேன்."

மாமா திரையைக் கைகாட்டினார்.

"ஒரே ஒரு சுத்து. அதுவும் தோத்த சுத்து. அதுக்குப் போயி இப்பிடி அலையணுமா நீ?"

"தோத்தாலும் அது எனக்க சுத்து மாமா. நீங்க எதுக்கு எடுத்தீங்க?"

மாமா உள்ளே திரும்பி, "பிள்ளைக்கு ஏதாவது சாப்பிடக் குடு" என்று மகன் மனைவியிடம் சொன்னார்.